கத்தியின் கிளிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? அனுபவம் சொல்லுங்கள்

கிடங்குக்காரன்:
சரக்குக் கிடங்கில் வேலை. பெட்டி நாடாவை அறுக்க ஒரு மடக்குக் கத்தி, கால்சட்டைப் பையின் ஓரத்தில் கிளிப்பில் மாட்டியபடியே இருக்கும். ஜீன்ஸ் அணிந்த நாளில் அசைவதில்லை. சீருடைக் கால்சட்டையில் குனிந்து எழும்போதெல்லாம் மெல்ல மேலே ஏறிவருகிறது. கிளிப் தளர்ந்துவிட்டது என்கிறார் மேற்பார்வையாளர். கிளிப் தளர்ந்தால் ஜீன்ஸில் மட்டும் எப்படி நிற்கும்? ஜீன்ஸ் பையின் விளிம்பு பல அடுக்காக மடித்துத் தைத்தது. கிளிப்பின் நுனி கைப்பிடியைத் தொடும் இடத்தைத் தாண்டி அந்தத் தடித்த மடிப்பு உள்ளே போய்விட்டால், திரும்பி வர நுனியே அதை விடாது. சீருடையோ வழுவழுப்பான பாலியெஸ்டர், விளிம்பும் மெல்லியது. என் சந்தேகம் துணியின் மேல்தான்.

மின்பணியாளர்:
துணி பாதி, கிளிப்புக்கு அடியில் இருக்கும் கைப்பிடி மீதி. என்னுடையது ஜி10 கைப்பிடி, கண்ணாடியிழையும் எபாக்சியும் சேர்த்து அழுத்திய தகடு. அரம் போன்ற சொரசொரப்பு. விழுந்ததே இல்லை, உண்மை. ஆனால் ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையால் இழுத்தால் கத்தியோடு கால்சட்டையும் மேலே வருகிறது! பையின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்த பிறகு கிளிப்பைக் கழற்றி, அது படும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பிடிமானம் போதுமான அளவு இருக்கிறது, துணியும் பிழைத்தது. கிளிப்பை நெம்பி வளைத்துத் தளர்த்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கடினமாக்கிய எஃகுத் தகடு திருகுத் துளையருகே விரிசல் விட்டால் அதோடு முடிந்தது.

பழைய கத்தி:
இந்தக் கிளிப்பைப் பரவலாக்கியது 1981இல் வந்த ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ‘வொர்க்கர்’ கத்தி, சால் கிளெசரின் வடிவமைப்பு. அதற்கு முன் மடக்குக் கத்தி என்றால் பையின் அடியில் சாவியோடும் சில்லறையோடும் கிடக்கும், அல்லது இடுப்பு உறையில் இருக்கும். அதே நிறுவனத்தின் தொடக்ககால ‘டெலிகா’ கத்தியில் கிளிப் கைப்பிடியோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக். ஒடிந்தால் மாற்ற வழியில்லை. உலோகக் கிளிப்பின் பெரிய லாபம் இதுதான்: கெட்டால் திருகைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். டைட்டானியம் என்றதும் மயங்கவேண்டாம். அதன் விறைப்பு எஃகில் ஏறத்தாழப் பாதி. நல்ல டைட்டானியக் கிளிப்புகளைத் தடிமனாகக் கடைந்தெடுப்பது அதனால்தான்.

துடுப்பு:
டொராண்டோவில் இருக்கிறோம். கோடையில் மைத்துனரோடு அல்கான்குவின் பூங்காவில் படகு வலித்தோம். அவருடைய கத்தி நீச்சல் கால்சட்டையின் ஓரத்தில் மாட்டியிருந்தது. படகிலிருந்து பாறைக்குக் கால் வைத்தார். ‘ளொடுக்’ என்று ஒரு சத்தம், கத்தி ஏரிக்குள். “கிளிப் நல்ல இறுக்கமாத்தானே இருந்தது அத்தான்” என்று என்னையே கேட்டார். இறுக்கம்தான். ஆனால் உட்காரும்போது மடங்கிய தொடை கத்தியை அடியிலிருந்து உந்திக்கொண்டே இருந்தால், நனைந்த மெல்லிய துணி எதைப் பிடித்துக்கொள்ளும்? தண்ணீரில் கிளிப்பை நம்புவதில்லை என்பது என் கட்சி. கைப்பிடித் துளையில் கயிறு கோத்து உயிர்காப்புச் சட்டையில் கட்டிவிடுகிறேன். அழகாக இருக்காது, இருக்கட்டும்.

மின்பணியாளர்:
தண்ணீருக்குக் கயிறு சரி. ஏணியில் கயிறு எதிலாவது மாட்டும், எனக்கு ஒத்துவராது.

சின்னத் திருகு:
எல்லோரும் துணியையும் தகட்டையும் பேசுகிறீர்கள், திருகை மறந்துவிட்டீர்கள். கிளிப் பக்கவாட்டில் ஆடினால் முதலில் பார்க்கவேண்டியது அது. பல கத்திகளில் டி6 டார்க்ஸ் தலை, அதாவது ஆறுமுனை நட்சத்திரக் குழி உள்ள சின்னத் திருகு. மலிவான முனையால் திருகினால் தலை உருண்டுவிடும். கழற்றித் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு சிறு துளி விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்டவேண்டி வரும்.