கண்ணுக்குக் கீழே பூசியதும் பட்டதும்

பல்லடத்துப் பொண்ணு:
அண்ணன் கல்யாணம். இணைச்சீருக்கு, அதாவது மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் உட்காருகிற சடங்குக்கு, நான்தான் உட்கார வேண்டும். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறதே என்று ஒரு வாரம் முன்பே ஒரு கிரீம் வாங்கிப் போட ஆரம்பித்தேன். இரண்டு நாள் முன்னாடி பார்லர் போய் புருவம், முடிக்குக் கலர் எல்லாம் முடித்தாயிற்று. அன்றைக்கு விடிகாலை எழுந்தால் கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஐஸ் வைத்தேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மையைப் போட்டு மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே மணவறையில் உட்கார்ந்தேன். சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "தலைய நிமுத்து அம்மிணி" என்றார். நிமிர்ந்தேன். முன்வரிசையிலிருந்து பெரியத்தை, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "ஏங்கண்ணு, ராத்திரி பூராம் அழுதியா?"

அவ்வளவுதான். அண்ணனுக்குப் பார்த்த பொண்ணு தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை என்று பந்தி முடிவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு வருசம் கழித்து நங்கையாவே, அண்ணன் கட்டின அந்தப் பொண்ணேதான், கேட்டார்: "அன்னைக்கு எதுக்குங்க அழுதீங்க?" கிரீம் என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை. அந்தக் கிரீமை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், சாட்சிக்கு.

உடுமலைத் தோட்டத்தான்:
என்னுடையது கிரீம் கதை இல்லை. எங்கப்பாவுக்கு மூன்று வருசமாக இமை தடித்து, கருத்து, எருமைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. வெயில் ஏறினால் அரிப்பு. ஆடிக்காத்து என்றோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வீசுகிற வீச்சில் எங்கள் பக்கம் கண் எரியாத ஆள் யார்? அப்புறம் மருந்தடிப்பதால் என்றோம். கண்ணாடியை மாற்றினோம்.

கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டர், கண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு சட்டைக் கையை மடக்கச் சொன்னார். முழங்கை மடிப்பைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. "தோட்டத்துல பார்த்தீனியம் இருக்குதுங்களா?" அப்பா சிரித்தே விட்டார். "அது இல்லாத தோட்டம் எதுங்க?"

1955-ல் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்றைக்கு எங்கள் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் மேடு முழுக்க வெள்ளைப் பூவாக நிற்கிறது. காய்ந்தால் அதன் தூள் காற்றில் பறந்து, துணி மூடாத இடத்தில் எல்லாம் படியும். ஒவ்வாமை வந்துவிட்டால் இமையும் மடிப்புகளும்தான் முதலில் மாட்டும். எனக்கு உறுத்துவது வேறு. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் "சும்மா உக்காந்திருக்காம அந்தக் களையப் புடுங்குங்கப்பா" என்று சொன்னவன் நான். அவர் வெறுங்கையால் பிடுங்கி, தோளில் கிடக்கிற துண்டில் கையைத் துடைத்து, அதே துண்டால் கண்ணைத் துடைப்பார். மூன்று வருசம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மஞ்ச மண்டி, ஈரோடு:
மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வலது மேல் இமையில், மூக்கோரமாக, மஞ்சளாக ஒரு சின்னத் திட்டு வந்தது. "குளிச்சும் மஞ்சத்தூள் போகல பாருங்க" என்று வீட்டில் அம்மணி பீர்க்கங்காய் நாரோடு வந்துவிட்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டு சாமி சிலைக்கு அபிஷேகம் நடக்கிற மாதிரி உட்கார்ந்தேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. கொழுப்பாம் அது, இமைத் தோலுக்கு அடியில் படிகிறதாம். இது வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு சரியாகவே இருக்கும் என்றார் டாக்டர். நான் அந்தப் பாதியில் இல்லை.

இப்போது பல்லடத்துப் பொண்ணுக்கு. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லிசு, அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே குறைவு. அதனால் எதைப் போட்டாலும் முகத்துக்குப் போடுகிற அளவில் கால்வாசி போதும். கண்ணைச் சுற்றி எலும்பு தட்டுப்படும் பாருங்கள், அதன் மேல்தான் வைக்க வேண்டும். மோதிர விரலால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. மை போட்டால் ராத்திரி எண்ணெய் தொட்ட பஞ்சால் எடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும், சேலைத் தலைப்பால் தேய்ப்பது ஆகாது. காலையில் உப்பியிருந்தால் ராத்திரி கருவாடு, ஊறுகாய் குறைத்துப் பாருங்கள், தலையணை இன்னொன்று சேர்த்து வையுங்கள். வெயிலுக்கு அகலக் கண்ணாடி. வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாலே தூசியில் பாதி குறையும். எலுமிச்சம்பழம் பக்கமே போகாதீர்கள், எங்கள் தெருவில் ஒரு பையன் பிழிந்துகொண்டு வெயிலில் நின்று கன்னத்தில் காப்பிக் கறை மாதிரி வாங்கி வந்தான். ராத்திரி ஒரு சொட்டு விளக்கெண்ணெய் போதும். அந்தக் கிரீமை எறிந்துவிடுங்கள்.

கோபி அக்கா:
மண்டிக்காரர் இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டார். கிரீம் ஒரு வாரமாகப் போட்டது, அதுவரை ஒன்றும் ஆகவில்லை. முடிக்குக் கலர் போட்ட இரண்டாம் நாள் வீக்கம். 14 வருசமாகப் பார்லர் நடத்துகிறேன், இதை மூன்று பேருக்குப் பார்த்துவிட்டேன். கறுப்புக் கலரில் பிபிடி என்று ஒரு ரசாயனம் இருக்கும். தலைத்தோல் தடிமன், தாங்கிக்கொள்ளும். நெற்றி, காது, இமைதான் உப்பும். ஏற்கெனவே கோனில் வருகிற கறுப்பு மருதாணி போட்டுக் கை அரித்திருந்தால் இன்னும் மோசம், அதிலும் பல சமயம் இதே சரக்குதான். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார் என்று டப்பாவிலேயே போட்டிருப்பான். முகூர்த்த அவசரத்தில் எந்தப் பார்லரிலும் அதைப் படிப்பதில்லை. நானும் முன்பு படித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை உறுத்துவது கிரீம் கதைதான், ஆனால் வேற கிரீம். ஒரு காலேஜ் பொண்ணு பேஷியலுக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே தொட்டேன், துள்ளிவிட்டது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால், வெங்காயச் சருகு மாதிரி தோல், உள்ளே சிவப்பாக நரம்பு ஓடுவது எண்ணிவிடலாம். எட்டு மாசமாக ஒரு வெள்ளையாக்குகிற டியூப் போடுகிறதாம், மெடிக்கலில் சும்மா கேட்டாலே தருகிறார்களாம். அட்டையைப் பார்த்தால் ஸ்டீராய்டு. இந்த மாதிரிக் களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கண்ணோரம் மாசக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், புரைகூட விழும். அதே டியூபை அதுக்கு முந்தின வருசம் என் சொந்தத் தங்கச்சிக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சோமனூர் தறி:
எல்லோரும் கடைச் சரக்கு வாங்கிக் கெட்டுப்போனதைத்தான் எழுதுகிறீர்கள். எங்க அம்முச்சி கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, பித்தளைத் தட்டில் படிந்த கரியை வழித்து மை கூட்டும். 80 வயசு வரை கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. இயற்கை இயற்கைதான்.

திருப்பூர் செக்கிங்:
சோமனூர் அண்ணா, எருக்கம்பாலும் இயற்கைதான். கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறீர்களா?

சரி, என் கதை. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். கருவளையம் பள்ளிக்கூடத்தில் இருந்தே உண்டு. சூப்பர்வைசர் முதல் மினிபஸ் கண்டக்டர் வரை "தூங்கறதில்லையா பாப்பா" என்பார்கள். எட்டு மணி நேரம் தூங்குகிறேன். பொண்ணு பார்க்க வந்த இடத்தில், காப்பித் தட்டை நீட்டினபோது பையனோட அம்மா டம்ளரை எடுக்காமல் என் கண்ணையே பார்த்தார். எங்கம்மாவிடம் திரும்பி, "புள்ளைக்கு ரத்தமில்லைங்களா?" தட்டு கையிலேயே நிற்கிறது, காப்பி ஆடை கட்டுகிறது.

மறுநாளே போய் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 12.6. அந்தச் சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. எங்கப்பாவுக்கு இதே கண், அத்தைக்கு இதே கண். பரம்பரை, அத்தோடு கண்ணுக்குக் கீழே பள்ளம். பள்ளத்தின் நிழலும் கருப்பாகத்தான் தெரியும். கண்ணாடி முன்னாடி நின்று முகத்துக்கு நேராக டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் என்றால் குறையும், நிறம் என்றால் அப்படியே இருக்கும். என்னுடையது பாதி குறைகிறது. நிழலைக் கிரீம் போட்டு வெளுக்க முடியுமா?

அந்தப் பையன் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். நல்லது.

சோமனூர் தறி:
எருக்கம்பாலைக் கண்ணில் விடு என்று நான் எங்கே சொன்னேன்? படித்துவிட்டுப் பதில் போடுங்க. கண்கட்டிக்கு நாமக்கட்டி உரசிப் போட்டு நாலு நாளில் அமுங்கியிருக்கிறது எனக்கு.

கோபி அக்கா:
ஒன்றுமே போடாமல் விட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அமுங்கும் தம்பி. சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிசம் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, அவ்வளவுதான் வேலை. நாமக்கட்டி காய்ந்து பொரிந்து கண்ணுக்குள் விழுந்தால் தறி முன்னாடி உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?

சோமனூர் தறி:
விழுந்தது. ஒரு தடவைதான்.

பல்லடத்துப் பொண்ணு:
கோபி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து போய் அலமாரியைக் குடைந்தேன். பார்லரில் மீந்த கலர் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பொடி எழுத்தில், எல்லாம் இருக்கிறது, 48 மணி நேரம் உட்பட. சின்ன வயசில் மாரியம்மன் நோம்பிக்கு கறுப்பு கோன் போட்டுக் கை கொப்பளித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிரீம் மேல் சும்மா பழி போட்டிருக்கிறேன்.

டப்பாவை நங்கையாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அப்ப நெசமாலுமே அழுகலையா?" என்றார். அப்புறம் உள்ளே போய் அவர் தைப்பூசத்துக்குப் போட வாங்கி வைத்திருந்த கலரை எடுத்து வந்து, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். நேற்று பொழுதோட வைத்தேன். இதுவரைக்கும் ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு நாள் பாக்கி.