மறுமொழி: ‘ஆக்குபையர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆலைக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவரைக் குறிக்கும் ‘ஆக்குபையர்’ (occupier) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை உடைமையாளர், அனுபவதாரர், பொறுப்பாளர், ஆலைக்கிழார் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தொழிற்சாலை தொடங்குவோருக்கு அனுமதி விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. இந்த ஒரு சொல்லால் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை. ஷெட் வாடகைக்கு எடுத்தது, தொழில் நடத்துவது இரண்டு கூட்டாளிகள். கட்டட வரைபட ஒப்புதலுக்கான தாள்களை யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். அதில் ஆக்குபையர் வரும் இடத்தில் ‘ஆக்கிரமிப்பாளர் கையொப்பம்’ என்று இருந்தது. மூத்த கூட்டாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “மாசம் தவறாம வாடகை கட்டுறோம். ஆக்கிரமிப்பாளர்னு எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஏரி ஆக்கிரமிப்பு, நடைபாதை ஆக்கிரமிப்பு என்றுதானே நாம் அந்தச் சொல்லைப் புழங்குகிறோம்? கடைசியில் ஷெட் சொந்தக்காரர் பெயரை எழுதி அனுப்பினார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது.

சொந்தக்காரரைச் சட்டம் கேட்கவே இல்லை. ஆலையின் விவகாரங்கள் மீது இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஆக்குபையர் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது: கூட்டாண்மை என்றால் கூட்டாளிகளில் ஒருவர், கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவர். வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் உரிய பொதுக் கடமையையும் அவர் தலையில் வைத்தது. ஆனாலும் சில கம்பெனிகள் சம்பளத்துக்கு இருக்கும் அதிகாரி ஒருவரை ஆக்குபையராகக் காட்டின. கம்பெனியில் இயக்குநர் மட்டுமே ஆக்குபையராக இருக்க முடியும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே சொல்தான் தொடர்கிறது.

அதனால் ‘உடைமையாளர்’ சரிவராது. நம் கூட்டாளிகளின் தாள் திரும்பி வந்ததே அந்தக் குழப்பத்தால்தான். ‘அனுபவதாரர்’ வருவாய்த் துறைச் சொல், நிலத்தின் பலனை அனுபவிப்பவரைக் குறிக்கும். இங்கே தேவைப்படுவது பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ‘ஆலைக்கிழார்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலக்கிழார் நினைவு வந்து மறுபடியும் சொத்துப் பக்கமே இழுக்கிறது.

‘பொறுப்பாளர்’ என்ற சொல்லுக்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். எனக்கு அச்சம் தருவதும் அதுதான். ஸ்டோர் பொறுப்பாளர், ஷிப்ட் பொறுப்பாளர் என்று பட்டறையில் தினமும் சொல்கிறோம். ‘பொறுப்பாளர் பெயர்’ என்று கட்டம் போட்டால் அதில் சூப்பர்வைசர் பெயர் வந்து உட்காரும். 1996 தீர்ப்பு அடைத்த வழியை நாமே ஒரு சொல்லால் திறந்துவிட்டதாக ஆகும்.

இன்னொரு சிக்கலை இதுவரை யாரும் எழுப்பவில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணைக்குப் போகும்போதும் ஆக்குபையர் வருகிறார். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பொருளைத் தன் வசம் வைத்திருப்பவரும் அப்பொருளுக்கு ஆக்குபையர்தான். அதே பட்டறையின் பின்சுவர் ஓரம் கழிவுநீர்த் தொட்டியில் படிந்த சேற்றை மூட்டை கட்டி அடுக்கியிருந்தார்கள். மூட்டை வாயில் பச்சையும் மஞ்சளுமாகக் காய்ந்து வெடித்திருந்தது. குரோமியம், நிக்கல் எல்லாம் அதில்தான். அப்படிப்பட்ட அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு விதி. அதற்குள் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் கும்மிடிப்பூண்டி நிலநிரப்புத் தளம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த மூட்டைகளுக்கு யார் ஆக்குபையர்? நாம் தேடும் சொல் ஆலைக்கு முன்னும் நிற்க வேண்டும், ஒரு மூட்டைச் சேற்றுக்கு முன்னும் நிற்க வேண்டும். ‘ஆலைக்கிழார்’ இங்கே முற்றிலும் தோற்றுவிடுகிறது.

என் பரிந்துரை: ‘ஆளுகையர்’. கொள்கை, கொள்கையர் போல ஆளுகை, ஆளுகையர். சட்டம் சொல்லும் ‘இறுதிக் கட்டுப்பாடு’ இதன் வேரிலேயே இருக்கிறது. ‘ஆளுநர்’ என்றே வைத்திருக்கலாம், அது கவர்னர் பதவிக்குப் போய்விட்டது. ஆலையின் ஆளுகையர், கழிவின் ஆளுகையர், ஆளுகையர் கடமைகள் என்று சொல்லிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. மேலாளரோடும் குழம்பாது. புதுச் சொல் என்பதால் முதலில் அந்நியமாகத் தோன்றும், உண்மைதான். ஆனால் பழகிய சொல்லில் தவறான ஆள் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதைவிட, “இது யாருங்க?” என்று ஒரு தொழிலாளி கேட்கவைக்கும் சொல் எனக்கு மேலாகப் படுகிறது.

இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருக்கலாம். இருந்தால் ‘ஆலையின்’, ‘கழிவின்’ என்ற இரண்டுக்கும் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பட்டறையின் வாசல் பலகையைத் தமிழில் எழுத வியாழக்கிழமை பெயின்டர் வருகிறார். புதன் இரவுக்குள் சொன்னால் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து