பக்கத்து வீடு போன விலையை வைத்து நம் வீட்டுக்கு விலை போட்டவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

சாவிக்கொத்து:
அம்மா இருந்த வீட்டை நான் வைத்துக்கொண்டு, பாதி மதிப்பைத் தம்பிக்குப் பணமாகக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த வீடு மூன்று வருடம் முன்னால் கைமாறியிருந்தது. அதே அளவு மனை, அதே காலத்துக் கட்டடம். அந்த விலையோடு வட்டாரத்தில் அதற்கப்புறம் ஏறியதையும் சேர்த்து ஒரு தொகை போட்டேன். தம்பியும் சரி என்றுவிட்டான். மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டதே கையெழுத்துக்காகத்தான்.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் தாளைப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி, "வாங்கினவரும் விற்றவரும் யாரு?" என்றார். அண்ணன் தம்பி என்றேன். ஒன்றும் பேசாமல் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். உறவுக்குள் பேசி முடித்த விலை சந்தை விலை ஆகாதாம். அவர் எடுத்தவை இரண்டு தெரு தள்ளி, ஆறு மாதத்துக்குள் விற்ற மூன்று வீடுகள். நான் போட்டதைவிட 18 சதவீதம் கூட வந்தது.

தம்பி வெளியூரில் இருப்பவன். அடுத்த வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியாது, எனக்கு அன்றைக்கே தெரியும். ஏமாற்ற நினைக்கவில்லை, அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியும்ல அக்கா?" என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மேல்மாடி:
எனக்கு உறுத்துவது வீட்டு விலையை இணையத்தில் தானாகக் காட்டும் கணிப்பு. வருடம் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிவந்த தளம், நாங்கள் அதைவிட 10 சதவீதம் கூட்டி விற்பனைக்குப் போட்ட இரண்டாம் நாளே நாங்கள் கேட்ட விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பார்க்க வந்தவர்களிடம் கைப்பேசியை நீட்டி நீட்டிக் காட்டினார். ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "போன வாரம் இது எவ்வளவு காட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். எங்கள் இருவருக்கும் வாயே திறக்கவில்லை. நாங்கள் போட்ட விலையைத்தான் அது எடுத்து எங்களுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது. வேறு எந்த வீடும் அந்த வாரம் விற்கவில்லை.

ஓட்டுவீடு:
சாவிக்கொத்து, உங்கள் மதிப்பீட்டாளர் செய்ததை நான் முழுசாக ஏற்கவில்லை. உறவுக்குள் நடந்தது என்பதற்காகவே அந்த வரியை அடித்துவிடக் கூடாது. அவர்களும் ஒரு மதிப்பீட்டாளரை வைத்து விலை முடித்திருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

என் அனுபவம் சின்னது. வாங்கிய பிறகு சந்தை 20 சதவீதம் இறங்கி, மறு வருடம் 20 சதவீதம் ஏறியது. வாங்கின விலைக்கே வந்தாயிற்று என்று நம்பி அதையே கேட்டேன். வாங்க வந்த பெண் என் முன்னாலேயே பெருக்கிக் காட்டினார்: 100 இறங்கி 80, 80 ஏறி 96.

அதனால் எல்லாரும் ஒன்று செய்யுங்கள். சதவீதங்களைக் கூட்டாதீர்கள். வட்டாரத்து வீட்டு விலை எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டும் குறியீட்டெண் வாங்கிய மாதத்தில் 160, இப்போது 200 என்றால் வாங்கிய விலையை 1.25 ஆல் பெருக்குங்கள். அந்த எண் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளை ஜோடி சேர்த்துப் பார்க்கும் முறையை 1963-இல் பெய்லி, மூத், நோர்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் எழுதினார்கள். 1980-களில் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் அதைச் செப்பனிட்டு, இரண்டு விற்பனைக்கும் நடுவே காலம் கூடக்கூட கணக்கில் அந்த ஜோடிக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். நடுவில் மாடி எழுப்பியிருப்பார்கள், கூரை ஒழுகியிருக்கும், பத்திரத்தில் அதெல்லாம் இருக்காது. அவர்கள் பெயரில் வரும் குறியீட்டெண் 3 மாத நகரும் சராசரி, அதாவது ஒவ்வொரு மாதமும் கடைசி 3 மாதத்தைச் சேர்த்து எடுப்பது, வெளிவருவதும் சுமார் 2 மாதம் கழித்து. பதிவுத் தேதியும் அப்படித்தான், விலை பேசி முடித்து வாரக்கணக்கில் ஆன பிறகுதான் பதிவாகும். சந்தை திரும்புகிற நேரத்தில் இந்தத் தாமதம் பெரிய வித்தியாசம்.

அப்புறம், ஒப்பிடும் வீட்டில் கார் நிறுத்த இடம் இருந்து உங்களுக்கு இல்லையென்றால் அந்த வீட்டு விலையில் கழிக்க வேண்டும். எவ்வளவு? கட்ட ஆகும் செலவை அல்ல, அதற்காக வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிற தொகையை. சமையலறைக்குக் கொட்டிய பணம் அப்படியே விலையில் திரும்பி வராது என்பதும் இதனால்தான்.

மேல்மாடி, இணையக் கணிப்பை விட்டுவிடுங்கள். 2006 முதல் கணிப்பு வெளியிட்ட அமெரிக்க வீட்டு விற்பனைத் தளமான சில்லோவே, வீடுகளை வாங்கி விற்கும் பிரிவை 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது.

நடுவாசல்:
சில்லோ உதாரணம் இங்கே பொருந்தாது, ஓட்டுவீடு. அவர்கள் சொன்ன காரணம், சில மாதம் கழித்து என்ன விலை போகும் என்று முன்கூட்டிச் சொல்வதில் இருந்த நிச்சயமின்மை. மேல்மாடி பேசுவது இன்றைய விலையை. இரண்டும் வேறு வேலை.

எனக்கு நடந்தது: "ஒரே வருஷத்துல இந்தப் பகுதியோட இடைநிலை விலை 30 சதவீதம் ஏறியிருக்கு" என்று தரகர் ஒரு தாளைக் காட்டினார். விற்ற விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் இடைநிலை விலை. இன்னும் ஏறிவிடுமே என்ற பயத்தில் கேட்ட விலைக்கே வாங்கினேன். குடிவந்த பிறகு ஒரு ராத்திரி, அந்த விற்பனைகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். முந்தின வருடம் விற்ற 11 வீட்டில் 8 வீடு இரண்டு படுக்கையறை. அடுத்த வருடம் விற்ற 9 வீட்டில் 7 வீடு நான்கு படுக்கையறை. என்னுடையது போன்ற இரண்டு படுக்கையறை வீடுகளை மட்டும் தனியே எடுத்தால், இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒரே விலை. பெரிய வீடுகள் அதிகமாக விற்றதால் நடுவில் நின்ற எண் மேலே போயிருக்கிறது. நோட்டை மூடவே மனம் வரவில்லை. தரகர் காட்டிய எண்ணில் தப்பு இல்லை, அவர் மேல் கோபப்படவும் வழியில்லை.

சாவிக்கொத்து:
ஓட்டுவீடு, போன் போட்டுக் கேட்டேன். அடுத்த வீட்டில் யாரும் மதிப்பீடு செய்யவில்லை. உன்னைத் தங்கை மாதிரி நினைத்துச் சொல்கிறேன் என்று, விற்ற அண்ணனின் மனைவி சொன்னார், கடனில் இருந்த தம்பிக்காகக் குறைத்துக் கொடுத்தார்களாம்.

மதிப்பீட்டாளர் போட்ட தொகையில் பாதியை ஒரு பைசா குறைக்காமல் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். கணக்கு எனக்கு இப்போது புரிகிறது, நீங்கள் விளக்கியதும் புரிகிறது. போன வாரம் அம்மாவின் பீரோவைத் திறந்து சாமான்களைப் பிரித்தோம். பித்தளைச் செம்பு, பழைய கைக்கடிகாரம், ஒரு தையல் பெட்டி. ஒவ்வொன்றையும் நான் கையில் எடுத்ததும் அவன் கேட்டான்: "இது என்ன விலை போகும்க்கா?"