பல குபர்நெட்டிஸ் கிளஸ்டர்களை (செயலிகளை ஓட்டும் கணினித் தொகுப்புகளை) ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ரான்ச்சர் சர்வர் நின்றால் அந்தக் கிளஸ்டர்களும் நிற்குமா? உங்கள் அனுபவம் என்ன?

நிற்காது. சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் வட்டு நிரம்பி ரான்ச்சர் சர்வர் படுத்துவிட்டது. கிளஸ்டர்களில் ஓடிக்கொண்டிருந்த செயலிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வாடிக்கையாளர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு குபர்நெட்டிஸ் கிளஸ்டருக்கும் கட்டளைகளை ஏற்கும் சொந்த ஏபிஐ சர்வரும், தன் நிலையைச் சேமிக்கும் இடிசிடி தரவுத்தளமும் உண்டு, வேலையை நடத்துபவை அவைதான். வழி அடைபட்டது எங்களுக்குத்தான். கிளஸ்டருடன் இணைவதற்கான விவரங்கள் கொண்ட கியூப்கான்ஃபிக் கோப்பை ரான்ச்சரில் இறக்கினால், அதில் இருப்பது ரான்ச்சரின் முகவரி. வந்தவர் யார் என்று ரான்ச்சர் சரிபார்த்து, அவர் பெயரிலேயே கோரிக்கையைக் கிளஸ்டருக்கு அனுப்பும். அது நின்றதும், கிளஸ்டரை இயக்க நாங்கள் தட்டும் கியூப்சிடிஎல் கட்டளைகளும் நின்றன.

ஒரே ஒரு ஆர்கேஇ2 (ஒரு குபர்நெட்டிஸ் வகை) கிளஸ்டரில் மட்டும், ரான்ச்சர் வழியாகப் போகாமல் நேரடியாக இணைய உதவும் 'ஆத்தரைஸ்டு கிளஸ்டர் எண்ட்பாயிண்ட்' வசதியை இயக்கி வைத்திருந்தார்கள். கியூப்கான்ஃபிக்கில் நேரடி இணைப்புக்கான காண்டெக்ஸ்டுக்கு மாற்றியதும் பாட்களின் (செயலிகள் ஓடும் அலகுகளின்) பட்டியல் வந்து நின்றது! அங்கே டோக்கனை (நுழைவுச் சாவியை) சரிபார்ப்பது கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும் கியூப்-ஏபிஐ-ஆத் என்ற சேவை. தயவுசெய்து இதை முன்கூட்டியே இயக்கி வையுங்கள்; சர்வர் நின்ற பிறகு இயக்க முடியாது.

மறுமொழி

எங்கள் தலைவலி ஃபயர்வால். ரான்ச்சரிலிருந்து கிளஸ்டரின் ஏபிஐ சர்வருக்கான 6443 போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று ஒரு குழு விண்ணப்பம் போட்டு, பாதுகாப்புப் பிரிவு மறுக்க, வாரக்கணக்கில் இழுபறி. அந்த போர்ட் தேவையே இல்லை. கிளஸ்டருக்குள் கேட்டில்-சிஸ்டம் நேம்ஸ்பேசில் (தனிப் பிரிவில்) இருக்கும் கேட்டில்-கிளஸ்டர்-ஏஜென்ட் என்ற ரான்ச்சரின் முகவர்தான் 443 போர்ட் வழியாக ரான்ச்சரை அழைத்து, திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பைத் திறக்கிறது. உள்ளிருந்து திறந்த அந்தச் சுரங்கத்தின் வழியாகவே ரான்ச்சரின் கட்டளைகள் போகின்றன. ரான்ச்சருக்காக வெளியிலிருந்து கிளஸ்டருக்குள் ஒரு கதவும் திறக்க வேண்டியதில்லை என்பது எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த அம்சம்.

விண்ணப்பம் முடிந்ததும் இன்னொரு தொல்லை: உலாவியில் பாடின் ஷெல்லை (கட்டளைத் திரையை) திறந்துவிட்டுச் சற்றுச் சும்மா இருந்தால் ஒரு நிமிடத்தில் மூடிக்கொள்ளும். ரான்ச்சருக்கு முன்னால் இடைநிலை சர்வராக இருந்த என்ஜின்எக்ஸின் இயல்பான காத்திருப்பு நேரம் 60 விநாடி. அதை 900 ஆக்கியதும் சரியானது.

மறுமொழி

தனியார் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். ரான்ச்சர் சர்வரின் சான்றிதழை வேறொரு சிஏவுக்கு மாற்றியதும் எங்கள் கிளஸ்டர்கள் எல்லாம் துண்டிக்கப்பட்டதாகக் காட்டின. ஏஜென்டிடம் பழைய சிஏவின் செக்சம் (சரிபார்ப்பு எண்) இருந்ததால் புதிய சர்வரை அது நம்ப மறுத்தது. ஏஜென்டின் லாகைப் பார்த்தபோது காரணம் முதல் சில வரிகளிலேயே இருந்தது. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் நேரடியாகப் போய்ப் ரான்ச்சருடன் பதிவு செய்யும் யாம்ல் கோப்பை மறுபடி செலுத்தினோம்.