கருனி ஹெடர்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

சனிக்கிழமை அல்சூரில் வகுப்பு. தமிழ்வழியில் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலை தேடி வந்த பிள்ளைகள். வெள்ளி மாலைக்குள் குறிப்பேடு அச்சுக்குப் போகவேண்டும். லினக்ஸ் கருனியின் (கெர்னல், இயங்குதளத்தின் மையநிரல்) 'ஹெடர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். சி நிரலின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புதான் ஹெடர்.

போன வாரம் ஒரு பையன் தன் சி நிரலில் லினக்ஸ்/லிஸ்ட்.எச் என்ற ஹெடரைச் சேர்த்தான். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கம்பைலர். "சார், கருனி மூலநிரல்ல இருக்கே" என்று அது இருக்கும் அடைவின் (டைரக்டரி) பாதையையே கொடுத்தான். திரை முழுக்கப் பிழை. கருனி தன் வீட்டுக்குள் புழங்கும் ஹெடர் வேறு, வெளியே நிரல்களுக்குக் கொடுப்பது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். முன்பெல்லாம் இரண்டும் ஒரே கோப்பில் கிடக்கும், நடுவே 'இது கருனிக்கு மட்டும்' என்று பிரிக்கும் ஒரு இஃப்டெஃப் வேலி. 2012இல், 3.7 பதிப்பில், வெளியே போகிறவற்றைப் பிரித்து யூஏபிஐ (பயனர்வெளிக்கான இடைமுகம்; பயனர்வெளி என்றால் கருனிக்கு வெளியே நிரல்கள் ஓடும் இடம்) என்ற தனி அடைவில் வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் பெயர் வேண்டும். 'பயனர்வெளிக்கு வழங்கப்படும் கருனித் தலைப்புக் கோப்பு' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்து முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும்.
— அல்சூர்

ஐயா,
முதலில் 'தலைப்பு' சரியில்லை. கட்டுரைக்குத் தலைப்பு உண்டு, சேலைக்கும் உண்டு. முன்னே நின்று உள்ளே வருவதைச் சொல்வதற்கு நன்னூல் தொடக்கத்திலேயே பெயர் இருக்கிறது: பாயிரம். அதற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு மாற்றுப் பெயர்களும் உண்டு. வெளியே கொடுப்பது பொதுப்பாயிரம், உள்ளே இருப்பது சிறப்புப்பாயிரம். முடிந்தது வேலை.
— ஜாலஹள்ளி

ஐயா, "பாயிரத்தை இன்க்ளூட் பண்ணு" என்று என் டீமில் சொன்னால் லீவு போட்டு ஊருக்குப் போகச் சொல்வார்கள். இன்டர்வியூவில் அந்தப் பையனிடம் 'கெர்னல் ஹெடர்' என்றுதான் கேட்கப்போகிறார்கள். அதையே எழுதுங்கள்.
— ஒயிட்பீல்டு

ஜாலஹள்ளி ஐயா மன்னிக்கவும், நீங்கள் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். பொதுப்பாயிரம் என்றால் எல்லா நூலுக்கும் பொதுவானது. ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், கேட்போர், பயன் என்று வெளியாளுக்கு வேண்டியதைச் சொல்வது சிறப்புப்பாயிரம்தானே?

ஆனால் உங்கள் பட்டியலிலேயே 'புறவுரை' கிடக்கிறது. பயனர்வெளியைப் புறம் என்றும் கருனியை அகம் என்றும் வைத்துக்கொள்வோம். அகத்திணையில் ஆள் பெயர் சொல்லக்கூடாது, புறத்தில் சொல்லலாம். கருனிக்குள்ளும் அப்படித்தான், உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சர் (பல புலங்களைச் சேர்த்துக் கட்டிய தரவு வகை) பெயரை நாளைக்கே மாற்றலாம். வெளியே சொல்லிவிட்ட பெயரையும் அதன் புலங்களின் வரிசையையும் தொட்டால் பழைய நிரல்கள் உடையும்.
— மல்லேஸ்வரம்

அம்மா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் 'புறவுரை' என்றதும் எவருக்கும் புறங்கூறல்தான் நினைவுக்கு வரும். குறளில் அதற்கென்று 19ஆம் அதிகாரமே இருக்கிறது. அது கிடக்கட்டும், 'கருனி'யில் வரும் 'னி' எந்த விகுதி? ஆங்கிலத்தில் கெர்னல் என்பது தானியத்தைக் குறிக்கும் 'கார்ன்' என்ற சொல்லின் சிறுமை வடிவம். ஓட்டுக்குள் இருக்கும் மணி. நேராகப் 'பருப்பு' என்று சொல்ல நமக்கு என்ன கூச்சம்?
— ஜாலஹள்ளி

பருப்புப் பாயிரம்! சனிக்கிழமை அல்சூரில் அந்தப் பருப்பு வேகாது ஐயா.

அல்சூர் சார், பெயரை விடுங்கள், இதைக் குறிப்பேட்டில் கட்டாயம் சேருங்கள்: வெளியே போகும் கோப்பில் வெறும் 'யூ32' (32 பிட் எண் வகையின் பெயர்) இருக்காது, முன்னே இரட்டை அடிக்கோடு இருக்கும். நிரல் எழுதுகிறவர் தன் பங்குக்கு ஒரு யூ32 வைத்திருப்பார், இரண்டும் மோதக்கூடாது. அந்த இரண்டு கோட்டைக் காட்டினால் பையன்களுக்குப் புரியும். அப்புறம் 'ஹெடர்ஸ் இன்ஸ்டால்' கட்டளைக்கு என்ன எழுதினீர்கள்? நிறுவலா?
— ஒயிட்பீல்டு

'நிறுவல்' போதாது. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். 1991இல் திறக்க இருந்தது, 2009 வரை மூடியே நின்றது. நிறுவுவது வேறு, திறப்பது வேறு.
— மல்லேஸ்வரம்

அம்மா, அது கோப்பை நகலெடுத்து வைக்கும் கட்டளைதான். இதற்குத் திறப்பு விழா வேண்டாமே.
— ஒயிட்பீல்டு

வியாழன் இரவு பதினொன்றரை. இனி என்னால் முடியாது. 'அகத்தலைப்பு', 'புறத்தலைப்பு' என்று போட்டுவிட்டேன், முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'ஹெடர்' என்றும் எழுதியிருக்கிறேன். மல்லேஸ்வரம் அம்மா சரி என்றார், ஒயிட்பீல்டு தம்பி "என்னமோ செய்யுங்கள்" என்றார், அதையும் சம்மதக் கணக்கில் சேர்த்தேன். இரட்டை அடிக்கோடு நான்காம் பக்கத்தில். கருனி கருனியாகவே இருக்கிறது. ஐயாவின் பாயிரம் அடிக்குறிப்பில்.
— அல்சூர்

அடிக்குறிப்பில் பாயிரம்! நூலுக்கு முன்னே நிற்கவேண்டியதைக் கொண்டுபோய்க் காலடியில் போட்டிருக்கிறீர்கள். சேலையைப் பற்றி நான் சொன்னதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. 'புறத்தலைப்பு' என்றால் என் வீட்டில் முந்தானை என்றுதான் நினைப்பார்கள்.
— ஜாலஹள்ளி