மருந்துக்குப் பின் மங்கிய மனக்காட்சி: அனுபவமுள்ளோரிடம் ஓர் உதவி

வணக்கம். மனச்சோர்வுக்காக ஐந்து மாதங்களாக நாள்தோறும் 50 மில்லிகிராம் செர்ட்ராலின் எடுத்து வருகிறேன்; அழுகையும் பதற்றமும் வெகுவாகக் குறைந்துள்ளன. ஆனால், முன்பெல்லாம் கண்ணை மூடினாலே, மறைந்த என் தாயின் முகம் மூக்குக்கண்ணாடியின் கீறல் வரை தெளிவாகத் தெரியும். இப்போது அந்த முகம் நினைவில் இருக்கிறதே தவிர, கண்முன் வருவதில்லை. இரவிலோ நேர்மாறாக, கனவுகள் நிறமும் ஒலியுமாக நீண்டு, விழித்த பின்னும் விலக மறுக்கின்றன. இவ்வகை மருந்துகள், கனவு மிகுந்த ரெம் உறக்கத்தைக் குறைத்துத் தாமதப்படுத்தும் என்பதையும், திடீரென நிறுத்தினால் அது பெருகித் திரும்பக்கூடும் என்பதையும் அறிவேன். ஆகவே நானாக நிறுத்தப்போவதில்லை. உங்களில் யாருக்கேனும் விழிப்பில் மனக்காட்சி இப்படி மங்கியதுண்டா, மருந்தின் அளவை மாற்றியபோது அது மீண்டதா, மருத்துவரிடம் இதை எவ்வாறு விளக்கினீர்கள்? அடுத்த வாரம் அவரைச் சந்திக்கவிருப்பதால், அதற்குள் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.