அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, லண்டனில் ‘ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வுக்கு அழைத்துப் போகலாமா?

பிடோக்வாசி:
ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். எனக்கு இந்த இசை நாடகப் பைத்தியம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். லண்டனில் முதலில் நடித்த மைக்கேல் கிராஃபோர்டும் சாரா பிரைட்மேனும் பாடிய கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன். இங்கே சிங்கப்பூரில் 2007ல் எஸ்பிளனேட், 2013லும் 2019லும் மரீனா பே சாண்ட்ஸ், எதையும் விடவில்லை. ஆனால் 1986 அக்டோபரில் தொடங்கிய அந்த லண்டன் அரங்கில் பார்த்ததே இல்லை, இந்தத் தடவை விடுவதாகவும் இல்லை. சிக்கல் அம்மாதான். வயது 72, ஆங்கிலத்தில் பஸ் நம்பரும் கிளினிக் சீட்டும் படிப்பார், அவ்வளவுதான். “புரியாத பாட்டை இரண்டரை மணி நேரம் கேட்க வைத்து அத்தையை ஏன் வதைக்கிறீர்கள்” என்கிறாள் மனைவி. அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு கேட்கவில்லை. யாராவது பெரியவர்களை அழைத்துப் போயிருக்கிறீர்களா? எங்கே உட்கார்ந்தால் நல்லது?

தேக்காஅக்கா:
தம்பி, யோசிக்காமல் அழைத்துப் போங்கள். 1995ல் காலாங் தியேட்டருக்கு வந்தபோது என் மாமியாரோடு போனேன், அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. தொடக்கத்தில் மேடையில் ஏலம் நடக்கும், வெறும் பேச்சு, மாமியார் கைப்பைக்குள் ஹேக்ஸ் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தார். ஏலப் பொருள் 666ஆம் எண் என்று சொன்னதும் சரவிளக்கை மூடியிருந்த துணி விலகி, ஆர்கன் சத்தம் இடி மாதிரி இறங்கி, விளக்கு நம் தலைக்கு மேலே ஏறும் பாருங்கள், மிட்டாயை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தவர்தான், இடைவேளைக்கு முன் அந்த விளக்கு விழுகிறவரை விடவில்லை. சின்ன வயதில் மெட்ராஸில் ஆர்.எஸ்.மனோகர் நாடகம் பார்த்தவர் அவர். “மனோகரும் தந்திரக் காட்சியெல்லாம் காட்டுவார், ஆனா விளக்கை நம்ம தலையில போட மாட்டார்” என்றார்!

ஒன்று மட்டும் செய்யுங்கள், கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோர முகத்தை மறைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் முகமூடிக்காரன், அவனிடம் கற்கும் பாடகிப் பெண், அவளைக் காதலிக்கும் பணக்காரப் பையன், மூன்றே பேர். அப்புறம், ஏலத்தில் தாளம் தட்டும் குரங்குப் பொம்மையை வாங்குகிற சக்கர நாற்காலிக் கிழவர்தான் அந்தப் பையன் என்பதையும். எனக்கே அது இரண்டாம் தடவைதான் உறைத்தது.

முகமூடி_மணி:
அக்கா சொல்வது சரிதான், இருந்தாலும் பிடோக் அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை. அரங்கு அதேதான், நாடகம் அப்படியே அதே இல்லை. கோவிட்டுக்குப் பிறகு 2021 ஜூலையில் மறுபடி திறந்தபோது 27 பேர் இருந்த இசைக்குழுவை 14 ஆக்கிவிட்டார்கள். கேசட்டில் ஊறிய காதுக்கு அது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நியூயார்க்கில் பார்க்கலாம் என்று நானும் வருடா வருடம் தள்ளிப்போட்டேன், 13,981 காட்சி முடித்து 2023 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அதனால் போய்விடுங்கள். இடைவேளைக்குப் பிறகு கல்லறைக் காட்சி கொஞ்சம் இழுக்கும், அம்மா தூங்கினால் எழுப்ப வேண்டாம், கடைசிக் காட்சிக்கு எழுப்பினால் போதும்.

இருக்கை விஷயம்: கீழ்த்தளத்தில் பின்வரிசை வேண்டவே வேண்டாம், மேல்மாடி நீட்டிக்கொண்டு சரவிளக்கை மறைத்துவிடும். எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஒருவர் “அருமையான இடம்” என்று அங்கேதான் தள்ளிவிட்டார், விளக்கு விழுந்ததைப் பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் மாடி முன்வரிசை கிடைத்தால் காசு பார்க்காதீர்கள். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே படகு போகிற காட்சி அங்கிருந்துதான் அழகு. அரங்கைத் தேடும்போது ஹிஸ் மெஜஸ்டிஸ் என்று தேடுங்கள், ஹெர் மெஜஸ்டிஸ் என்றிருந்த பெயர் மன்னர் முடிசூடிய 2023ல் மாறிவிட்டது.

பிடோக்வாசி:
நன்றி அக்கா, நன்றி மணி. நேற்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் கதையைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டவர், “மூஞ்சி எப்படி இருந்தா என்ன, பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரை விட்டுட்டா போறா?” என்று கோபித்துக்கொண்டார். இனி அவரை ஹோட்டலில் விட முடியாது. மதியக் காட்சி, முதல் மாடி, நான்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விலையை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.